விசிலக்காவும் எட்டுப் பேரும்

இரண்டு விரலை மடக்கி நாக்குக்கு அடியில் வைத்து அவள் ஊதினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். பால்காரர் மணி அடிப்பதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். குழந்தைகள் புரண்டு படுப்பார்கள், நாய்கள் எழுந்து உடம்பை உதறும், வயல் வேலைக்குப் போகிற பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுப்பார்கள். ஊதுகிறவளுக்கு விசிலக்கா என்று பேர். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் விசிலக்காதான். பெற்றவர்கள் வைத்த பேர் என்ன என்று கேட்டால் அவள் புருஷனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த மருமகள் பஸ் கண்டக்டர் மாதிரி விசில் அடித்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒரே புலம்பல். நாலு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. எழுப்பிவிட ஒரு ஆள் கிடைத்ததே என்று நிம்மதியாகத்தான் இருந்தார்கள். ஒருமுறை விசிலக்காவுக்குத் தொண்டை கட்டி, உதடு வெடித்து, ஊத முடியாமல் போனது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அன்றைக்கு அதே மாமியார்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். அதற்கப்புறம் விசிலைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

விசிலக்காவின் வேலை என்னவென்றால், ஆள் கூட்டிப் போவது. தோட்டக்காரர்கள் நாளைக்கு இத்தனை பேர் வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லி அனுப்புவார்கள். அவள் பெண்களைக் கூட்டிப்போய், தானும் ஒரு வரிசையில் உட்கார்ந்து களை எடுத்து, சாயங்காலம் கூலி வாங்கிப் பிரித்துக் கொடுப்பாள். அதிகாரம் எல்லாம் வாயில்தான். கோபம் வந்தால் மேலும் கீழும் பார்க்காமல் திட்டுவாள், திட்டி முடித்ததும் மறந்துவிடுவாள், திட்டு வாங்கினவளும் மறந்துவிட்டாளா என்று மட்டும் நினைத்துப் பார்க்க மாட்டாள். அது ஒன்றுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது.

ஆனால் அவள் கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வேறு எந்தக் கூட்டத்திலும் அது கிடையாது. தோட்டத்தில் இறங்கினால் ஆளுக்கு ஒரு வரிசை. ஒருத்தி தன் வரிசையை முடித்துவிட்டால் நிமிர்ந்து உட்காரக் கூடாது. இன்னும் முடிக்காதவளுடைய வரிசையில் மறுகோடியிலிருந்து நுழைந்து, எதிரே களை எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவள் இந்தப் பக்கமிருந்து, இவள் அந்தப் பக்கமிருந்து. இரண்டு பேரும் நடுவில் முட்டிக்கொள்ளும்போது வரிசை முடியும். அதனால் வேகமாகச் செய்கிறவளும் மெதுவாகச் செய்கிறவளும் ஒன்றாகத்தான் இடுப்பை நிமிர்த்துவார்கள், ஒன்றாகத்தான் டீ குடிக்க உட்காருவார்கள்.

இந்த ஏற்பாட்டை அவள் யோசித்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. புதுப் பெண்ணாக முதன்முதலில் களை எடுக்கப் போன அன்று, கை பழகாமல், அவள் ஒருத்தி மட்டும் வெயிலில் பாதி வரிசையில் இருந்தாள். மற்றவர்கள் மரத்தடியில் டீயைக் குடித்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணீர் வந்து எது களை எது செடி என்றே தெரியவில்லையாம். பின்னாளில் ஆள் கூட்டும் வேலை தன் கைக்கு வந்ததும் அவள் போட்ட முதல் சட்டம் இதுதான். அவ்வளவுதான் சமாசாரம்.

அப்போதெல்லாம் விசில் ஊதினால் ஒரு டிராக்டர் நிறைய ஏறுவார்கள். இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். பிறகு மழை பொய்த்தது. முதல் வருஷம் எல்லோரும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டாம் வருஷம் கிணறுகள் வற்றின. போர் போட்டவர்கள் இன்னும் ஆழமாகப் போட்டார்கள், அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் அதைவிட ஆழமாகப் போட்டார். மூன்றாம் வருஷம் தோட்டக்காரர்கள் மாடுகளை விற்றார்கள். வேலை செய்யக்கூடிய ஆண்கள் லாரியில் ஏறித் தூரத்து நகரங்களுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்களிலும் கொஞ்சம் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். விசிலக்காவையும் சேர்த்து ஒன்பது பேர் மிச்சம். டிராக்டர் போச்சு. ஒன்பது பேரும் நடந்தே போனார்கள்.

இந்த வறட்சியிலும் விசிலக்கா வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. அவள் புருஷன் மோட்டார் மெக்கானிக். எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தருகிறவர். கிணற்றில் தண்ணீர் குறைந்ததும் மோட்டார்கள் வெறும் காற்றை இழுத்துச் சூடேறி வரிசையாக எரிந்தன. அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. இவளுக்கு வேலை இல்லை, அவருக்கு ஓயாத வேலை. ஊரே அழும்போது உங்களுக்கு மட்டும் அறுவடையா என்று இவள் சீண்டுவாள். அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே சிரிப்பார். பிறகு தண்ணீரே இல்லாமல் போனதும் மோட்டாரை யாரும் போடவில்லை, போடாத மோட்டார் எரியவும் இல்லை. அவரும் கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்தார். இப்போது சமமாகிவிட்டோம் என்று அவர் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டாள்.

கடைசியில் தண்ணீர் உள்ள தோட்டம் என்று ஒன்றுதான் இருந்தது. அந்த முதலாளி தக்காளி போட்டிருந்தார். அவர் போரிலும் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதைத் தொட்டியில் பிடித்து, சொட்டுநீர்க் குழாய் போட்டு, செடியின் காலடியில் சொட்டுச் சொட்டாக விட்டார். பெண்கள் அவருக்குச் சொட்டு முதலாளி என்று பேர் வைத்தார்கள். குழாயைப் பார்த்து வைத்த பேர் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள், அவர் டீ ஊற்றித் தரும் அளவைப் பார்த்து வைத்தது என்று உள்ளுக்குள் எல்லோருக்கும் தெரியும். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். எந்நேரமும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவர்தான் ஒருநாள் விசிலக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தோட்டத்தில் பாதியைக் காயவிடப் போகிறார். மேல்பாதிக்கு மட்டும்தான் தண்ணீர். குழாய்த் தண்ணீர் செடிக்கு மட்டும் போவதால் களையும் முன்னைப் போல முளைப்பதில்லை. ஒன்பது பேருக்கு வேலை இல்லை. நாலு பேர் போதும், சீசன் முடிகிற வரைக்கும் அந்த நாலு பேர்தான்.

வேறு தோட்டம் இல்லை. நாலு பேரைத் தவிர மற்ற ஐந்து வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று விசிலக்காவுக்குத் தெரியவில்லை. அந்த நாலு பேர் யார் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும்.

இங்கே இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி மின்னல். கூட்டத்திலேயே சின்னவள், இரட்டைப் பிள்ளைக்காரி, களைக்கொத்தைப் பிடித்தால் கை கண்ணுக்குத் தெரியாது. வேகத்தைப் பார்த்து எடுத்தால் முதல் இடம் அவளுக்கு. இன்னொருத்தி ரேடியோ. அவள் விசிலக்காவுக்கு நாத்தனார், புருஷனின் தங்கை, அடுத்த வீட்டுக்காரி. கூட்டத்திலேயே மெதுவானவள். காரணம் ரொம்பச் சின்னது: பேசும்போது அவளுக்குக் கை ஓடாது, பேசாமல் அவளால் இருக்க முடியாது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதில் ஆரம்பித்து, யார் யாரை ஏன் முறைத்தார்கள் என்பது வரைக்கும் ஏற்ற இறக்கத்தோடு சொல்வாள். முக்கியமான இடம் வந்தால் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் நடித்துக் காட்டுவாள். விசிலக்காவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். தினமும் ஒரு சண்டை. ரேடியோவின் புருஷன் லாரி ஏறிப் போனவன், அவன் அனுப்புவது ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது.

ஆக, விசிலக்கா எப்படிப் போனாலும் முட்டுச்சந்துதான். ரேடியோவை விட்டுவிட்டால், சண்டைக்காரியைக் கழற்றிவிடச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பார்கள். சேர்த்துக்கொண்டால், வேலை தெரிந்த பெண்களை வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் புருஷன் வீட்டு ஆளைச் சேர்த்துக்கொண்டாள் என்பார்கள். இரண்டுமே பொய் என்று அவளாலும் சத்தியம் பண்ண முடியாது.

அதனால் அவள் பொறுப்பை முதலாளி தலையில் கட்டினாள். நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன் என்றாள். அவரும் ஒத்துக்கொண்டார். நாளைக்குக் காலையில் ஆளுக்கு ஒரு வரிசை, முதலில் முடிக்கிற நாலு பேருக்கு வேலை. பெண்களிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. வீடு திரும்பும் வழியிலேயே நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டாள். கடைசியாக, நாளைக்கு யாரும் யாருக்கும் எதிரே போகக் கூடாது, அவரவர் வரிசை அவரவருக்கு என்று கண்டிப்பாகச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். யாருக்கும் பேச்சு வரவில்லை. ரேடியோவுக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் முதலாளி வேலியோரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது பேரும் ஒன்பது வரிசையில் இறங்கினார்கள். எப்போதும் பேச்சும் சிரிப்புமாக இருக்கிற தோட்டத்தில் களைக்கொத்துச் சத்தம் மட்டும் கேட்டது. ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வேலை செய்தாள். பாவம், பேசாமல் இருந்தாலும் அவள் மெதுவாகத்தான் செய்தாள். பேச்சை நிறுத்தினால் கை ஓடும் என்று அத்தனை வருஷமாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

மின்னல் முதலில் முடித்தாள். முடித்ததும் எழுந்து நின்று கையைத் தூக்கியிருக்க வேண்டும், அதுதான் பேச்சு. அவள் என்ன செய்தாள் என்றால், குனிந்தது குனிந்தபடியே திரும்பிப் பக்கத்து வரிசைக்குள் நுழைந்து எதிரே வந்துகொண்டிருந்தாள். யோசித்துச் செய்யவில்லை. அவள் உடம்புக்கு வரிசை முடிந்தால் இப்படித்தான் திரும்பத் தெரியும். அடுத்து முடித்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். சட்டம் சொன்ன விசிலக்காவாவது சும்மா இருந்தாளா? நாளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று நினைத்துக்கொண்டே களையைக் கொத்திக்கொண்டிருந்தவள், டங் என்று ஒரு சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அவள் களைக்கொத்தும் ரேடியோவின் களைக்கொத்தும் மோதிக்கொண்டிருந்தன. நாத்தனாரின் முகம் ஒரு முழம் தூரத்தில் இருந்தது.

"உங்களை யாரு அண்ணி இங்க வரச் சொன்னது?" என்றாள் ரேடியோ.

"யாரும் சொல்லல. கை வந்துடுச்சு" என்றாள் விசிலக்கா.

இரண்டு பேரும் எழுந்து சுற்றிப் பார்த்தார்கள். தோட்டத்து நடுவில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். யார் முதல், யார் கடைசி என்று அந்த முதலாளி என்ன கண்டார்? யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் அடக்க முடியவில்லை. வேலை போகிற நேரத்தில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மின்னல் மட்டும் சிரிக்கவில்லை. தன் காலைத் தானே வெட்டிக்கொண்டோமே என்று களைக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். தன்னை எல்லோரும் சேர்ந்து முட்டாளாக்குகிறார்கள் என்று நினைத்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை என்று விசிலக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாளைக் காலையில் நாலு பேரோடு வந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த விசிலக்கா புருஷனிடம் எரிந்து விழுந்தாள். அவர் செய்த தப்பு, சாப்பிட்டாயா என்று கேட்டது. திட்டெல்லாம் தீர்ந்த பிறகு அவர், யாரை எடுத்தாலும் நீ எடுத்ததாகத்தான் இருக்கும், அதனால் உனக்குத் தூக்கம் வருகிற மாதிரி எடு என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் துடைக்கப் போனார். அந்த மனுஷனிடம் இதுதான், எதற்கும் பிடிகொடுக்காமல் பேசுவார், ஆனால் பேசினது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று விசிலக்கா இடுப்பில் கையை வைத்துத் தயாராக நின்றாள். ரேடியோ வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"என்னைச் சேர்க்காதீங்க அண்ணி. எனக்கே தெரியும். நான் போய் என் புருஷன் இருக்கற இடத்துல ஏதாச்சும் செங்கல் தூக்கிக்கறேன்" என்றாள்.

அத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசி விசிலக்கா கேட்டதே இல்லை. பள்ளிக்கூடம் போகிற மகளை யாரிடம் விடுவாய் என்று கேட்டதற்கு அவள் திரும்பித் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் போன பிறகு விசிலக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தினமும் சண்டை போட ஒரு ஆள் இல்லாமல் போனால் பொழுது எப்படிப் போகும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அழுகையும் வந்தது. அதை அவள் வெங்காயத்தின் மேல் போட்டாள், அன்றைக்கு வீட்டில் வெங்காயமே உரிக்கவில்லை என்பதைப் புருஷன் சொல்லிக்காட்டவில்லை.

சாயங்காலம் தெருமுனையில் காலிக் குடங்கள் வரிசையாக நின்றன. தண்ணீர் லாரி வழக்கமாகக் காலை வெயில் ஏறும் நேரத்தில்தான் வரும். அந்த நேரத்தில் இந்தப் பெண்கள் தோட்டத்தில் இருப்பார்கள். அக்கம்பக்கத்தில் யாரையாவது கெஞ்சிக் குடத்தை நகர்த்தச் சொல்லிவிட்டுப் போவார்கள். நகர்த்தச் சொன்னவர்கள் மறந்துவிட்டால் மறுநாள் வரைக்கும் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. விசிலக்கா தன் குடத்தை வரிசையில் வைத்தபோதுதான் அது தோன்றியது. தோட்டத்தில் இருப்பது நாலு பேர் ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலை. ஒன்பது பேர் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். நாலு பேர் கூலியை ஒன்பதாகப் பிரித்துக்கொள்ளலாம். லாரி வரும்போது எல்லோரும் தெருவில் இருக்கலாம், மிச்சப் பொழுதில் வேறு கைவேலை கிடைத்தால் பார்க்கலாம். ஆளுக்குப் பாதிக்கும் குறைவுதான். ஆனாலும் ஒன்பது அடுப்பு எரியும்.

வீடு வீடாகப் போனாள். ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று எல்லோரும் உடனே சரி என்றார்கள். கடைசியாக மின்னல் வீட்டுக்குப் போனாள். உண்மையில் முதலில் போயிருக்க வேண்டிய வீடு அது. பயந்துபோய்க் கடைசிக்கு வைத்திருந்தாள்.

ஒரே அறை. மூலையில் துணி மூட்டை, நடுவில் இரண்டு பிள்ளைகள் ஒரே தட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மின்னல் தரையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாலு பேருன்னா அதுல நான் ஒருத்தி. அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்கு முழுக் கூலி வரும். நான் ஏன்க்கா பாதியைக் குடுக்கணும்?"

நியாயமான கேள்வி. விசிலக்காவுக்குத் திட்டத் தெரியும், அதட்டத் தெரியும், கெஞ்சவும் ஓரளவுக்குத் தெரியும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கு அவளுக்கு, நாளைக்கு உனக்கு என்று சொல்லலாம். மின்னலுக்கு அந்த நாளை வர இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. பாவம் என்று சொல்லலாம். இந்த அறையில் நின்றுகொண்டு யாரைப் பாவம் என்பது?

"எனக்குச் சொல்லத் தெரியல. நீ வரலைன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன். நாலு பேருன்னு ஆச்சுன்னா உன் பேரைத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றாள்.

மின்னல் பிள்ளைகளின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினாள்.

மறுநாள் விசிலக்கா விசில் ஊதினாள். எப்போதையும்விட நீளமாக ஊதினாள் என்று தெருவில் சொல்கிறார்கள், அவள் மறுக்கிறாள். ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள். அதில் ரேடியோவும் இருந்தாள், அவளை விசிலக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். பாதி வழியில் பின்னால் செருப்புச் சத்தம். மின்னல் ஓட்டமும் நடையுமாக வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. முகம் உர்ரென்று இருந்தது.

நாலு பேரை எதிர்பார்த்து நின்ற முதலாளி ஒன்பது பேரைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்தார். ஒன்பது பேர் நடந்தால் பதினெட்டுக் கால் குழாயை மிதிக்கும் என்றார். செருப்பைக் கழற்றிவிடுகிறோம் என்றாள் விசிலக்கா. ஒன்பது பேர் குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போவேன் என்றார். எல்லோரும் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்கள். டீ என்று இழுத்தார். நாலு டீ போதும், உங்கள் டீயை ஒன்பதாகப் பிரித்தாலும் பெரிசாக வித்தியாசம் தெரியாது என்று அவள் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு கூலிக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் வேலியைத் திறந்துவிட்டார்.

வேலை நடந்தது. சொன்னபடி வெயில் ஏறுவதற்குள் முடிந்தது. லாரி வந்தபோது ஒன்பது பேரும் தெருவில் குடத்தோடு நின்றார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. ரேடியோ பேசவில்லை.

முதல் நாள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மற்றவர்கள் பங்கில் சாப்பிடுகிறோம் என்கிற நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க, வேகமாகச் செய்யப் பார்த்தாள். அவளை இரண்டு வார்த்தை திட்டியாவது பேசவைக்கலாம் என்று விசிலக்கா முயற்சி பண்ணினாள். அவள் திட்டையும் தலையாட்டி வாங்கிக்கொண்டாள். விசிலக்காவுக்கு அது வெயிலைவிடக் கொடுமையாக இருந்தது. அமைதியான தோட்டத்தில் இடுப்பு வலி கூடத் தெரிகிறது என்று மற்ற பெண்கள் முனகினார்கள்.

மூன்றாம் நாள் ரேடியோ வேகமாகக் கொத்துகிறேன் என்று களையோடு ஒரு தக்காளிச் செடியையும் வேரோடு கொத்திவிட்டாள். பயந்துபோய்ச் சுற்றும் முற்றும் பார்த்தாள். முதலாளி அந்தப் பக்கம் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் செடியை மறுபடி மண்ணில் நட்டு, கையால் அணைத்து, அது சாய்ந்ததும் திரும்ப நிமிர்த்தினாள். அது மறுபடி சாய்ந்தது. தன் வரிசையை முடித்துவிட்டு எதிரே வந்துகொண்டிருந்த மின்னல் இதை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த மூன்று நாளில் மின்னலும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த விசிலக்கா களைக்கொத்தைக் கீழே வைத்தாள். இன்றைக்கு இவள் வாயில் என்ன வரப்போகிறதோ என்று பாதி எழுந்துவிட்டாள்.

மின்னல் அந்தச் செடியைப் பிடுங்கி வேலிக்கு வெளியே வீசினாள். ரேடியோவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. என் கூலியில பாதிக்கு மேல போகுது. சும்மா குடுக்க எனக்கென்ன பைத்தியமா? காசு குடுத்திருக்கேன். வாயைத் திறந்து பேசு."

ரேடியோ அவளையே பார்த்தாள். மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். என்ன பேசுவது என்று கேட்டாள்.

"ஏதாச்சும். வீட்டுக்குப் போனா ரெண்டு பிள்ளைங்க அழுகைதான் கேக்குது. இங்கயும் சத்தம் இல்லைன்னா நான் எங்க போறது?"

விசிலக்கா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அந்த ஒற்றை அறையில் நின்றுகொண்டு தனக்குச் சொல்லத் தெரியாமல் போனதை இந்தச் சின்னப்பெண் தானே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டாளே என்று இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று குனிந்து, களையே இல்லாத இடத்தில் கொத்திக்கொண்டிருந்தாள்.

ரேடியோ தொண்டையைச் செருமினாள். போன வாரம் எல்லோரும் தோட்டத்தில் இருந்தபோது லாரி வரிசையில் மோட்டார் மெக்கானிக் குடத்தோடு வந்து நின்ற கதையை ஆரம்பித்தாள். தன் சொந்த அண்ணன் என்றும் பார்க்கவில்லை. பொம்பளைகள் வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுக் குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாராம், லாரிக்காரன் குடம் எங்கே என்று கேட்டபோது இவர் வானத்தைப் பார்த்தாராம். அந்த இடம் வந்ததும் ரேடியோ களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டி, கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்துக் காட்டினாள். எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் புருஷனைச் சொன்னால் உனக்குத்தான் கெட்ட பேர் என்று விசிலக்கா அதட்டினாள், அதற்கு ரேடியோ பழையபடி ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். வேலியோரம் இருந்த முதலாளி காதில் சரியாக விழவில்லை என்று ஸ்டூலைக் கொஞ்சம் கிட்டே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மின்னல் ரேடியோவின் வரிசையில் மிச்சமிருந்த களையை எடுத்துக்கொண்டே, "அப்புறம்?" என்றாள்.